கடல் தெரியாத கடற்கரை ஸ்டேஷன்

சென்னையில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் சளைக்காமல் சொல்லும் பொய் ஒன்று உண்டு. 'பீச் ஸ்டேஷன்.' தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கடைசி ஸ்டாப்பிங்கில் இறங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜாஜி சாலை, பர்மா பஜார், ஹாரன் சத்தம். இன்னொரு பக்கம் நீளமான மதில், அதற்கு மேல் கிரேன்களின் தலை. பீச்சைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

ரயில்வேக்காரர்களைத் திட்டாதீர்கள். பெயர் வைத்தபோது அது நிஜமாகத்தான் இருந்தது. ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் நார்த் பீச் ரோடு. அதைவிடப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அதற்கு அடுத்த தெரு செகண்ட் லைன் பீச். அதாவது, கடலைப் பார்த்து முதல் வரிசை, இரண்டாவது வரிசை, சினிமா தியேட்டர் சீட் மாதிரி. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது கூட்டம் நடந்தது இரண்டு இடங்களில். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. இன்னொன்று ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்த கடற்கரை. இன்றைக்கு ஹைகோர்ட்டுக்கு எதிரே ஒருவர் செங்கொடி ஏற்றக் கடற்கரை தேடினால் துறைமுகத்துக் காவலர் பாஸ் கேட்பார்.

அந்தக் கடற்கரையை எடுத்துக்கொண்டது ஹார்பர். எடுத்துக்கொண்டதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. துறைமுகம் இல்லாவிட்டால் சென்னை, செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு பெரிய கிராமமாக இருந்திருக்கும். என் புகார் வேறு. சுமார் 140 வருஷமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு குடியிருக்கும் இரண்டு பேர், ஒரே நோட்டில் கணக்கு எழுதியதே இல்லை. நகரத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் சுவர் வரைக்கும் போடுகிறார்கள். துறைமுகத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் சுவருக்கு உள்ளே போடுகிறார்கள். சுவரைத் தாண்டி வருவதெல்லாம் (மணல், தூசி, லாரி) யார் கணக்கிலும் ஏறாமல் வடசென்னைக்காரர்கள் தலையில் இறங்குகிறது.

முதலில் மணலைப் பார்ப்போம்.

பம்பாய்க்கும் கொச்சிக்கும் ஆண்டவன் துறைமுகம் கொடுத்து அனுப்பினான். நமக்குக் கொடுத்தது திறந்த கடல், முரட்டு அலை, ஒதுங்க ஒரு மூலைகூட இல்லாத நேர்கோட்டுக் கரை. 1639-ல் பிரான்சிஸ் டே இந்த மணல்திட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் கடல் காரணமாக இருக்க முடியாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் உடையாது, வளைந்து கொடுக்கும். அதில் துணிமூட்டையும் போகும், துரைமார்களும் வருவார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊரின் துறைமுகம் என்பது நம்முடைய மீனவர்களின் தோளும் துடுப்பும்தான்.

1861-ல் கடலுக்குள் நீட்டி ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். புயல்கள் அதைப் பதம் பார்த்தன. 1870-களில் தைரியம் வந்து, கரையிலிருந்து இரண்டு கைகளை நீட்டிக் கடலைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அலைதடுப்புச் சுவர்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய முடிகிற நேரத்தில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து பெரும்பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாசல் வழியாக அலையும் மணலும் உள்ளே வந்துகொண்டே இருந்தன. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அந்த வாசலை மூடி வடகிழக்காகத் திருப்பினார்கள். வாஸ்து பார்த்து இல்லை, அலை பார்த்து.

இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் உட்காராது. வருஷத்தில் அதிக மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது கொஞ்சம் திரும்பி நடக்கும். கூட்டிக் கழித்தால் வடக்கேதான் பயணம். நடுவழியில் ஒரு சுவர் வைத்தால் என்ன ஆகும்? வருகிற மணல் தெற்கே தேங்கும். வடக்கே போகவேண்டிய மணல் போகாது. ஆனால் அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருக்கிற மணலை எடுத்துக்கொண்டு போகும்.

தெற்கே தேங்கிய மணலுக்கு நாம் வைத்த பெயர் மெரினா. கோட்டைச் சுவர் வரைக்கும் வந்துகொண்டிருந்த கடல் பின்வாங்கி, சுண்டல், பட்டம், தலைவர்கள் சமாதி என்று அத்தனைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று வெளியூர் உறவினர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறோமே, அதன் அகலத்தில் பெரும்பகுதி துறைமுகம் போட்ட பிச்சை.

வடக்கே? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். அங்கே தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. முதியவர்கள் அலையைக் கைகாட்டி, 'அதோ, அங்கதான் எங்க வீடு இருந்துச்சு' என்பார்கள். இன்றைக்கு அங்கே கரை என்பது கொட்டி வைத்த கருங்கல். படகை இழுத்துப் போடவும் வலையை உலர்த்தவும் மணல் கிடையாது. ஒரே சுவர், ஒரே கடல். வரவு மெரினாவில், செலவு ராயபுரத்தில். இந்தச் செலவைத் துறைமுகம் தன் கணக்கில் எழுதவில்லை. நகரமும், கல் கொட்டிய பில்லைத் தவிர வேறெதையும் எழுதவில்லை.

இது வெள்ளைக்காரன் செய்தது என்று தள்ளிவிடலாம். அடுத்ததை அப்படித் தள்ள முடியாது.

1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனி முதலாளி, லாரியின் பெட்டியை மட்டும் கழற்றிக் கப்பலில் ஏற்றினால் என்ன என்று யோசித்தார். 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பல் போனது. கன்டெய்னர் பிறந்தது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஊருக்கும் துறைமுகத்துக்கும் இருந்த தாம்பத்தியத்தை முறித்தது இந்தப் பெட்டிதான். அதற்கு முன்னால் ஒரு கப்பலில் சரக்கு இறக்க நூற்றுக்கணக்கான ஆட்கள், பல நாட்கள். துறைமுகம் என்றால் பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்பு, கிடங்கு, சாப்பாட்டுக் கடை, சாராயக் கடை, யூனியன் ஆபீஸ். கன்டெய்னர் வந்த பிறகு ஒரு கிரேன், சில ஆட்கள், சில மணி நேரம். ஆள் வேண்டாம், இடம்தான் வேண்டும். பெட்டிகளை அடுக்க ஏக்கர் ஏக்கராக நிலம், ஆழமான தண்ணீர், அகலமான ரோடு.

இது மூன்றும் பழைய ஊரின் நடுவே கிடைக்காது. ஆகவே துறைமுகங்கள் ஊரை விட்டு நகர்ந்தன. கன்டெய்னர் பரவுவதற்கு முன்பே, 1963-ல், ஜேம்ஸ் பேர்ட் என்ற பிரிட்டிஷ் புவியியல்காரர் இந்த நகர்வைப் படிப்படியாக வரைந்து காட்டியிருந்தார். ஊர்ப் படித்துறையில் ஆரம்பித்து, கப்பல் பெரிதாகப் பெரிதாகத் துறைமுகம் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி நகரும் என்று. லண்டனில் அதுதான் நடந்தது. நம் சரித்திரத்தோடு சம்பந்தப்பட்ட ஈஸ்ட் இந்தியா டாக் 1967-ல் மூடப்பட்டது. 1981-க்குள் மற்றவையும் ஒவ்வொன்றாக மூடின. சரக்கெல்லாம் ஆற்றின் கீழே டில்பரிக்குப் போய்விட்டது. காலியான இடத்தில் வானளாவிய பாங்குக் கட்டடங்கள். அங்கே மூட்டை தூக்கிய குடும்பங்களுக்கு அந்த பாங்குகளில் என்ன வேலை கிடைத்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் என்ன செய்தோம்? 1983-ல் நாட்டின் முதல் தனி கன்டெய்னர் முனையத்தை சென்னைத் துறைமுகத்திலேயே திறந்தோம். பெருமைதான். ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது பாரிமுனையும் ராயபுரமும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்ட பேட்டை, ஆட்டோ திரும்பவே ஓட்டுநர் ஒருமுறை இறங்கிப் பார்க்கவேண்டிய சந்துகள். பெட்டி அடுக்கக் கொல்லைப்புறம் இல்லாத வீட்டில் பெட்டி வியாபாரம் ஆரம்பித்தோம். கொல்லைப்புறம் இல்லையென்றால் என்ன, வாசல் இருக்கிறதே என்று ரோட்டை எடுத்துக்கொண்டோம்.

காசிமேடு பக்கம் 'ஜீரோ கேட்' என்று ஒரு வாசல். அதில் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். 'விரைவுச் சாலை' என்பது பீச் ஸ்டேஷன் மாதிரி இன்னொரு பெயர்ப் பொய். வண்டிக்குக் கீழேயே அடுப்பு வைத்துச் சமைத்து, வண்டிக்கு அடியிலேயே தூங்கி எழுந்த டிரைவர்களை அந்தப் பகுதிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அந்த வரிசைக்குள் புகுந்துதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டவேண்டும், ஆம்புலன்ஸ் போகவேண்டும், மீன்கூடைக்காரம்மா ஷேர் ஆட்டோ பிடிக்கவேண்டும். டிரைவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவரும் இந்தக் கணக்கில் விடுபட்டுப்போன ஆள்தான்.

இதற்கு ஒரு தீர்வு யோசித்தார்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை. சுமார் 19 கிலோமீட்டர். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழும்பின. 2012-ல், கூவத்தின் போக்கைத் தடுக்கிறது என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கு, மேல்முறையீடு, ஆட்சி மாற்றம். கூவத்தின் ஓரம் மொட்டைத் தூண்கள் வருஷக்கணக்கில் நின்றன. வருங்காலத் தொல்லியல்காரர்கள் அதைப் பார்த்து, 'இங்கே ஏதோ கோயில் இருந்திருக்கிறது' என்று எழுதியிருப்பார்கள். 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த முறை இரண்டு அடுக்கு: மேலே துறைமுக வண்டிகள், கீழே ஊர் வண்டிகள். முதலில் இரண்டாயிரம் கோடிக்கும் குறைவாக முடிந்திருக்கவேண்டியது, இப்போது 5,800 கோடிக்கு மேல்.

யார் சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. கூவம் தடுக்கப்படக்கூடாது என்பதும் நியாயம், லாரிக்கு வழி வேண்டும் என்பதும் நியாயம். ஆனால் இந்த இரண்டு நியாயங்களும் முதன்முதலாக உரக்க மோதிக்கொண்டது எங்கே? தூண் எழும்பிய பிறகு, கோர்ட்டில். படம் வரைகிற மேஜையில் மோதியிருந்தால் செலவு ஒரு ரப்பர் அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போய்க் கேட்கலாம். ஊருக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலைகளை வரவேற்றோம். கார் ஏற்றுமதியாகவேண்டிய கடல் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. நடுவில் இருப்பது ஊர். இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேண்டாம், பள்ளிக்கூட அட்லஸ் போதும். தொழிற்சாலைக்கு ஒரு துறை, சாலைக்கு ஒரு துறை, துறைமுகத்துக்கு டெல்லியில் ஒரு துறை. 'துறை'முகம் என்று பெயர் வைத்தது சரியாகத்தான் போயிற்று.

மூன்றாவது, தூசி.

பாரதி டாக் என்று சென்னைத் துறைமுகத்தில் ஒரு பகுதி. 1970-களில் எண்ணெய்க்கும் இரும்புத் தாதுவுக்கும் கட்டியது. அங்கே வரும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலிக்குப் போய், உங்கள் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலாக வருகிறது. அதில் தகராறு இல்லை. தகராறு, திறந்த வெளியில் கையாண்ட நிலக்கரியிலும் இரும்புத் தாதுவிலும். ராயபுரம், பாரிமுனைக்காரர்கள் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் ஐயப்ப பக்தர் வேட்டியாகத் திரும்பும். குழந்தைகளின் இருமலை எந்தச் சரக்குப் பட்டியலிலும் எழுதமாட்டார்கள். கடைசியில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அந்த அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் நின்றன.

நல்ல தீர்ப்பு. கைதட்டுவோம். தட்டிவிட்டு, அந்த நிலக்கரி எங்கே போனது என்றும் கேட்போம்.

எண்ணூருக்கு. சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே, நிலக்கரிக்காகவே கட்டி 2001-ல் திறந்த துறைமுகம். 2014-லிருந்து காமராஜர் பெயரில் இருக்கிறது. ஜேம்ஸ் பேர்ட் சொன்னபடி துறைமுகம் ஊரை விட்டு நகர்ந்துவிட்டது என்று பாடப்புத்தகத்தில் டிக் அடிக்கலாம். ஆனால் நகர்ந்துபோன இடம் காலி மனை இல்லை. அங்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. இறால் பிடிக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பலைத் தாங்கிக்கொண்டிருக்கிற கிராமங்கள் இருக்கின்றன. 2017 ஜனவரி கடைசியில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரை ஒதுங்கிய எண்ணெய்க் கூழை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். படங்களைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தில் வாளிகள் இருந்தன என்பதற்கு மேல் ஆறுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணூருக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் மூன்றாவதாக ஒரு தனியார் துறைமுகம். அதைப் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாக்க ஒரு திட்டம் வந்தது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021-லும் 2023-லும் தள்ளிப்போடப்பட்டது. ஆக, சுமார் முப்பது கிலோமீட்டர் கரையில் மூன்று துறைமுகங்கள். முதலாவது மத்திய அரசுடையது. இரண்டாவது 2020-லிருந்து முதலாவதற்குச் சொந்தம். மூன்றாவது தனியாருடையது, சட்டப்படி 'சிறு துறைமுகம்' என்பதால் மாநில எல்லைக்குள் வருகிறது. மூன்றும் ஒரே மணலைத் தடுக்கின்றன, ஒரே ரோட்டை நம்புகின்றன. மூன்றையும் சேர்த்து உட்காரவைத்து, 'இந்தக் கரை மொத்தமாக எவ்வளவு தாங்கும்?' என்று கேட்கும் அதிகாரமுள்ள நாற்காலி ஒன்று வேண்டாமா?

நாற்காலி என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதுதான் விஷயத்தின் ஆணிவேர்.

நம் அரசியல் சட்டத்தில் பெரிய துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில். 2021-ல் பெருந்துறைமுக அதிகாரங்கள் சட்டம் வந்து, பழைய 'போர்ட் டிரஸ்ட்' எல்லாம் ஆணையங்களாக மாறின. ஆணையத்தின் போர்டில் மாநில அரசுக்கு ஒரு நாற்காலி. ரயில்வேக்கு ஒன்று. ராணுவ அமைச்சகத்துக்கு ஒன்று. கஸ்டம்ஸுக்கு ஒன்று. தொழிலாளர்களுக்கு இரண்டு. மாநகராட்சிக்கு? தனியாகக் கிடையாது. துறைமுகத்தின் எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கு அந்த போர்டே மாஸ்டர் பிளான் போட்டுக்கொள்ளலாம். உள்ளூர் விதிகளோ மாநில விதிகளோ அதைக் கட்டுப்படுத்தாது. துறைமுகத்தின் பிளானும் உள்ளூர் அதிகார அமைப்பின் பிளானும் முரண்பட்டால்? துறைமுகத்தின் பிளான்தான் செல்லும். சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் புருஷன் சொல்வதே சரி என்று கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்த மாதிரி.

துறைமுகத்தின் தரப்பையும் சொல்லிவிடவேண்டும். அவர்கள் கேட்பது இது: 'எங்களைச் சுற்றி ஊர் வளர்ந்தது எங்கள் தப்பா? நிலக்கரியை நிறுத்தச் சொன்னீர்கள், வருமானத்தை விட்டுக்கொடுத்து நிறுத்தினோம். லாரிக்கு வழி கேட்டால் பத்து வருஷம் தூண் காட்டுகிறீர்கள். ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தால் கப்பல் கொழும்புக்குப் போய்விடும்.' இதில் உண்மை இருக்கிறது. நகரமும் யோக்கியமில்லை. துறைமுகத்தால் வரும் வேலையையும் வரியையும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு ஒழுங்கான ரோடு போட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் எனக்குச் சொல்வது, ஊரை விலக்கிவைத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதையல்ல. விலக்கிவைத்ததால்தான் 2009-ல் தொடங்கியது 2022-ல் மறுபடி அடிக்கல்லில் வந்து நின்றது.

வேறு மாதிரி செய்ய முடியுமா? செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமான ராட்டர்டாமில், துறைமுக நிறுவனத்தின் பங்குகளில் சுமார் 70 சதவிகிதம் மாநகராட்சியிடம், மீதி நாட்டின் அரசிடம். ஹாம்பர்க்கில் துறைமுக ஆணையம் முழுக்க நகரத்துக்கே சொந்தம். ஊரை ஒட்டி இருந்த 157 ஹெக்டேர் பழைய துறைமுக நிலத்தை ஹாம்பர்க் என்ன செய்தது தெரியுமா? வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம், நடைபாதை என்று புதுப்பேட்டையாக்கியது. 'ஹாஃபன்சிட்டி' என்று பெயர். அந்த நில விற்பனைப் பணத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய கன்டெய்னர் முனையம் கட்டக் கொடுத்தது. ஊருக்கு ஆற்றங்கரை கிடைத்தது, துறைமுகத்துக்கு இடம் கிடைத்தது. ஒரே நோட்டு, ஒரே கணக்கு என்று நான் சொன்னேனே, அது இதுதான்.

ஆனால் ரொம்பவும் வாய் பிளக்கவேண்டாம். அந்தப் புதிய முனையம் வந்த இடத்தின் பெயர் ஆல்டன்வெர்டர். அது ஒரு மீனவ கிராமம். குடும்பங்களைக் காலி செய்து, வீடுகளை இடித்துத்தான் கட்டினார்கள். ஒரு சர்ச் மட்டும் கன்டெய்னர்களுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது. கெட்டிக்கார ஜெர்மன்காரர்களுக்கும் ஒரு எண்ணூர் உண்டு. நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது, அதில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம்.

நம்மிடம் இன்னொரு வியாதியும் இருக்கிறது. வெளிநாடு போய்வந்த அதிகாரி, பார்சிலோனாவின் பழைய துறைமுகத்தில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டபடி எடுத்த போட்டோவைக் காட்டுவார். 'இதே மாதிரி நாமும் ஒரு வாட்டர்ஃப்ரன்ட்!' அவர்கள் 1992 ஒலிம்பிக்ஸுக்காக ஊரைக் கடல் பக்கம் திறந்தது நல்ல காரியம்தான். ஆனால் துறைமுகத்தோடு நகரத்துக்கு உள்ள உறவு என்பது காபி ஷாப்பில் உட்கார்ந்து கப்பலை வேடிக்கை பார்ப்பது இல்லை. தெற்கே இருப்பவர்களுக்குக் கடற்காற்று, வடக்கே இருப்பவர்களுக்குக் கரித்தூள் என்ற பழைய பங்கீட்டையே டைல்ஸ் பதித்து அழகாக்கினால், அதற்கு நகரத் திட்டமிடல் என்று பெயரில்லை.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

மணலை எடுங்கள். துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கும் மணலையும் வாய்க்காலில் தூர்வாரும் மணலையும் வடக்கே கொண்டுபோய்ப் போடுவது உலகத்தில் பல துறைமுகங்கள் செய்கிற வேலை. கருங்கல் கொட்டுவதை விடப் புத்திசாலித்தனம். அதைத் துறைமுகத்தின் நிரந்தரச் செலவாக எழுதுங்கள், தயவு தாட்சண்யமாக அல்ல.

லாரியை எண்ணுங்கள். கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி சராசரியாக எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற கணக்கை, எத்தனை லட்சம் டன் கையாண்டோம் என்ற பெருமைக் கணக்குக்குப் பக்கத்திலேயே மாதாமாதம் அச்சடியுங்கள்.

நாற்காலி போடுங்கள். மேயருக்கு ஒன்று. மூன்று துறைமுகங்களுக்கும் நடுவே வாழும் மீனவ கிராமங்களுக்கு ஒன்று. சட்டத்தைத் திருத்தும் வரை, குறைந்தபட்சம் மேஜையில் ஒரு ஸ்டூல்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சென்னைப் பெருநகரின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது, 2026 வரைக்கும் பார்த்துப் போட்டது. அடுத்தது 2046 வரைக்குமானது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் இதற்காக மக்களிடம் கருத்துக் கேட்டது, இனியும் கேட்கவேண்டும். கருத்துக் கேட்டால் நாம் வழக்கமாக பார்க், பார்க்கிங், பாதாள சாக்கடை என்று எழுதிக்கொடுப்போம். அவையும் வேண்டியதுதான். கூடவே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: 'துறைமுகத்தின் சுவருக்கு உள்ளே போடும் பிளானை எங்களுக்கு எப்போது காட்டுவீர்கள்?'

மயிலாப்பூரிலோ அண்ணா நகரிலோ குடியிருந்துகொண்டு இதை ஏன் எழுதவேண்டும் என்று தோன்றலாம். நீங்கள் சாயங்காலம் காற்று வாங்கும் மணல் யாருடைய தெருவிலிருந்து வரவேண்டிய பாக்கி என்பது இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? பாக்கிக்காரர்களுக்காகக் கடன்காரர்கள் ஒரு வரி எழுதுவதில் தப்பில்லை.